சாத்தாத மடை

"இந்தாங்க டாக்டர், அல்வா. இன்னிக்கு எங்க வீட்டுல ரெண்டு நல்ல செய்தி!"

அன்வர் பாட்சா டப்பாவை நீட்டினான். ரிப்போர்ட் நல்லபடியாகத்தான் வரும் என்று அவனுக்கு என்னவோ அத்தனை நம்பிக்கை. அல்வா வாங்குகிற அளவுக்கு!

டாக்டர் பொற்கொடி டப்பாவைத் தொடவில்லை.

"உங்க ரெண்டு அண்ணன்களும் கடல்ல மூழ்கி இறந்தாங்கன்னு சொன்னீங்கல்ல?"

"ஆமாங்க. கட்டுமாவடியிலேயே அவங்களைப் போல நீச்சல்காரங்க கெடையாது. அதான் பரம்பரை வியாதியோன்னு பொண்ணு வீட்டுல சந்தேகப்படுறாங்க. ரிப்போர்ட்டைக் காட்டுனாத்தான் வெள்ளிக்கிழமை நிக்காஹ்."

அவள் கணினித் திரையைத் திருப்பினாள். கண்ணாடித் தட்டில் இதயச் செல்கள் துடித்துக்கொண்டிருந்தன. ஆறு மாதம் முன்பு கட்டுமாவடி மருத்துவ முகாமிலிருந்து அவன் பெயர் எழுதி வந்த ரத்தத்திலிருந்து ஆய்வகத்தில் வளர்த்தவை.

"இப்ப அட்ரினலின் விடுறோம். ஓடும்போது உடம்புல சுரக்குமே, அதுதான்."

திரையில் துடிப்பு தாறுமாறானது. நின்றது. திரும்பப் படபடவென அடித்தது.

"செல்லுக்குள்ள கால்சியம் சேந்திருக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் கண்மாய் மடை மாதிரி தெறந்து கொஞ்சம் விட்டுட்டு, ஒடனே சாத்திக்கும். ஓடுனா, பயந்தா, கைனேஸ்னு ஒரு புரதம் போயி மடையை இன்னும் வேகமா தெறக்க வைக்கும். இதுல தெறந்த மடை சாத்த மாட்டேங்குது. உங்க அண்ணன்களுக்கும் இதுவாத்தான் இருந்திருக்கணும்."

அன்வர் முகத்தில் ரத்தமே இல்லை.

"தப்பா இருக்கும். திருப்பிப் பாருங்க!"

"மூணு தடவ பாத்துட்டேன்."

"ஓடுனா... என்ன ஆகும்?"

"அப்படியே விழுந்துரலாம். பயப்படாதீங்க, மாத்திரை இருக்கு. இனிமே ஓட மட்டும் கூடாது."

அவன் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்பதே முக்கால். போனை எடுத்து அழுத்தினான். ஸ்விட்ச் ஆஃப். மறுபடி அழுத்தினான். ஸ்விட்ச் ஆஃப்.

"மாமனாருக்கா? குடுங்க, நான் பக்குவமா எடுத்துச் சொல்றேன்."

அவன் காதில் அது விழவே இல்லை. எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. கை பட்டு அல்வா டப்பா தரையில் கொட்டியது. வாசலை நோக்கிப் பாய்ந்தான்.

பொற்கொடிக்கு உயிரே போய்விட்டது.

"ஐயோ, ஓடாதீங்க! சொன்னாக் கேளுங்க, ஒக்காருங்க!"

கதவைப் பிடித்தபடி அவன் கதறினான்.

"அது என் ரத்தம் இல்லங்க டாக்டர்! கல்யாணம் நின்னுடக் கூடாதேன்னு, வீட்டுலயே திடகாத்திரமான என் தம்பி அஸ்வரை என் பேருல குடுக்க வச்சேன்... இப்ப அவன் போலீஸ் செலக்‌ஷன்ல ஓடிக்கிட்டிருக்கான்!"