பெயர் வாங்கிய பொம்மை

பாதிரியார் ஆவதற்குப் படிக்கும் குருமடத்தில் ஞானஸ்நானம் கொடுக்கப் பழகுவது ஒரு பிளாஸ்டிக் பொம்மையை வைத்துத்தான். "தண்ணிய ஊத்துங்க, ஜெபத்தச் சொல்லுங்க. பேரு மட்டும் வேண்டாம்" என்று பாடம் நடத்தும் ஃபாதர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். எல்லாரும் நெட்டையன் என்று கூப்பிடும் மாணவன் தன் முறை வந்த பதற்றத்தில் வாய் தவறிப் பெயரையும் சொல்லிவிட்டான். பிறந்த அன்றே, ஞானஸ்நானம் பெறாமலே செத்துப்போன தம்பிக்கு அம்மா யோசித்து வைத்திருந்த பெயர் அது.

வகுப்பு முடிந்ததும் பொம்மையைத் துடைத்து அலமாரியில் படுக்கவைத்தான். படுக்கவைத்தால் பட்டென்று கண் மூடும் பொம்மை, அன்று மூடவில்லை. அவனையே பார்த்தது.

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதன் நெஞ்சில் மெல்லத் தட்டிக்கொடுத்தான். இமைகள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கின.

வாசலில் நின்ற ஃபாதர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "தூங்கிட்டானா?"