தெலுங்கில் ஒரு வரி கூடுதல்

சித்தூருக்கு வந்த மூன்றாவது ஞாயிறே ஜெபமணி டீச்சருக்குத் தலை சுற்றியது. ஞாயிறு பள்ளியில் ஆறு வயது கிருபாபாய் தமிழில் ஜெபம் சொல்லி ஆமென் போட்டாள். பிறகு கண்ணைத் திறக்காமலே அதையே தெலுங்கில் ஆரம்பித்துவிட்டாள். அது தமிழைவிட ஒரு வரி நீளம் வேறு. டீச்சருக்கோ தெலுங்கில் ஒரு சொல்லும் தெரியாது.

குழந்தையை அழைத்துப்போக வந்த அம்மா ஜெயசீலியை டீச்சர் பிடித்துக்கொண்டாள்.

"உங்க வீட்ல யாருங்க தெலுங்கு?"

"யாருமில்ல டீச்சர். நானும் இவ நைனாவும் தமிழுதான்."

"அப்புறம் எதுக்கு ரெண்டு பாஷை? பிள்ளை குழம்பிப்போச்சு, பாருங்க." டீச்சர் குழந்தையிடம் குனிந்தாள். "ஆண்டவருக்குத் தமிழ் தெரியாதா கண்ணு?"

"அவருக்குத் தெரியும் டீச்சர். அம்மாவுக்குத்தான் தெரியாது."

டீச்சர் ஜெயசீலியைப் பார்த்தாள். இவ்வளவு நேரம் இவள் பேசியது என்ன பாஷையாம்?

"என்னச் சொல்லல டீச்சர்." ஜெயசீலியின் குரல் தாழ்ந்தது. "இவளப் பெத்த அம்மா தெலுங்கு. போன வருசம் கர்த்தருக்குள்ள நித்திரையடஞ்சிட்டாங்க. நான் அரக்கோணத்துலருந்து வாக்கப்பட்டு வந்து நாலு மாசந்தான் ஆவுது. ஆண்டவர் பக்கத்துல உக்காந்துகினு அவங்களும் ஜெபத்தக் கேக்கறாங்களாம்."

"சரி, அந்தக் கூடுதல் வரி?"

"எனக்கும் தெலுங்கு வராதே. என்னப் பத்தி என்னா சொல்றாளோன்னு கேக்கவே பயந்துகினு இருக்கறேன்."

கிருபாபாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தமிழில் சொன்னாள்:

"இந்த அம்மா தல வாரினா வலிக்கல, நீ அழுவாதேன்னு சொல்வேன்."