அரைத்தூக்கம்

ஒரு கணினிக்குள் இரண்டு இயங்குதளங்கள் ஓரகத்திகள் போலக் குடியிருந்தன. ஒருத்தி விழித்திருக்கும்போது மற்றவள் தூங்குவாள். கோப்புகளை வைக்க இருவருக்கும் ஒரே அறைதான்.

ஒருநாள் வீட்டுக்காரி பவளக்கொடி, இறந்துபோன தங்கை கடைசியாகப் பேசிய ஒலிப்பதிவை இளையவளிடம் கொடுத்தாள். அது வேறெங்கும் இல்லை.

“இங்கே வைக்காதேடி,” என்றது அறை. “மூத்தவ முழுசாத் தூங்கலை. எந்த இடம் காலின்னு மனசுல வச்சுக்கிட்டேதான் கண்ணை மூடியிருக்கா.”

“ஒரு மூலையில வச்சா அக்காவுக்கு என்ன குறைஞ்சிடும்?” என்று வைத்துவிட்டு இளையவள் படுத்தாள்.

மூத்தவள் எழுந்தாள். கை நிறையப் புதுக் கோப்புகளோடு நேராக அந்த மூலைக்குப் போனாள்.

“ஒரு தடவை பாத்துட்டு வையேன். அங்கே இளையவளோட பொருள் இருக்கு,” என்று அறை கெஞ்சியது.

“அது காலி இடம். என் வீட்டை எனக்கே காட்டித் தர்றியா? சும்மா கிட,” என்று அதன்மேலேயே எழுதினாள்.

மறுவாரம் பவளக்கொடி பதிவை எடுத்துத் தரச் சொன்னாள். இளையவள் ஓடிப்போய் எடுத்து வந்தாள். கோப்பின் பெயர் அப்படியே இருந்தது. தட்டினால் வெறும் இரைச்சல். கொஞ்ச நேரத்தில் தங்கை பேசிவிடுவாள் என்று, அது முடியும்வரை பவளக்கொடி கேட்டுக்கொண்டே இருந்தாள்.