ஒரு பக்கம் தடித்த கண்ணாடி

புதுக் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்து மாட்டிக்கொண்டு, மனைவியை மேலும் கீழும் பார்த்தார் கண்ணாடிக் கடைக்காரர்.

“அப்பாடா, மறுபடி ஒருத்தியாயிட்ட. ரெண்டு பேர்கிட்ட திட்டு வாங்கி மாளல.”

“ரெண்டு பேர் சொல்லியும் ஒரு பேச்சாவது காதுல ஏறுச்சா? நாளைக்கு ஸ்கேனுக்கு வர்றீங்களா, இல்லையா?”

“அதான் ஒண்ணாத் தெரியுதே. அப்புறம் எதுக்கு?”

ஊரார் கண்ணுக்கெல்லாம் லென்ஸ் தேய்க்கிறவர், தன் கண்ணுக்கும் தானே தேய்த்துக்கொண்டார். ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் மெலிந்த லென்ஸ். பிரிந்து நிற்கும் இரண்டு உருவங்களையும் அது இழுத்து ஒன்றாக்கிவிடும்.

இது மூன்றாவது. ஒவ்வொன்றும் முந்தையதைவிடத் தடிப்பு.

ஆனாலும் கண் விஷயத்தில் அவர் சொல்லுக்கு அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள்.

மத்தியானம் சாப்பாட்டுக்குக் கிளம்பும்போது, ஷட்டரை இறக்கக் குனிந்தவர் நிமிரவில்லை.

வேண்டாம் என்ற ஸ்கேனை அன்றைக்கே எடுத்தார்கள்.

திரையில் மூளையின் அடிப்பகுதியைச் சுற்றி, மை தீட்டியது போல் ஒரு கறுப்புக் கோடு.

ஒரு ரத்தக்குழாய் வருஷக்கணக்காகச் சொட்டுச் சொட்டாகக் கசிந்திருக்கிறது என்றார் டாக்டர். கசிந்த ரத்தத்தின் இரும்பு, கண்ணை அசைக்கும் நரம்பின்மேல் துருப்போலப் படிந்துவிட்டதாம். இன்று அந்தக் குழாயே வெடித்துவிட்டதாம்.

“எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுதுன்னு அவர் சொன்னதே இல்லையாம்மா?”

சொன்னார் என்பதா, சரிபண்ணிக்கொண்டார் என்பதா?

இருட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

டாக்டர் கடைசியாக ஒருமுறை இமைகளை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். பக்கத்தில் நின்ற அவளும் பார்த்தாள். காலையில் கண் விழித்ததும் அவர் கை முதலில் தேடுவது கண்ணாடியைத்தான். அது இல்லாமல் திறந்திருந்த அவர் கண்களை அவள் பார்த்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

வலது கண் நேராகக் கூரையைப் பார்த்தது.

இடது கண் மூக்கை ஒட்டிச் சாய்ந்து நின்றது.

மூன்று கண்ணாடிகளும் வளைத்ததெல்லாம் வெளிச்சத்தைத்தான். கண்ணை ஒரு நூல்கூட நகர்த்தியிருக்கவில்லை.