வளையலில் ஒரு ஊக்கு

அறுபது வருட உறைதூக்கத்திலிருந்து செண்பகவல்லி அன்று காலை விழிக்கப்போகிறாள். அவள் காலத்து உடுப்பைத் தைத்து, தானே உடுத்திக்கொண்டு கட்டிலருகே நிற்பது தையல்காரி யாழிசையின் வேலை. பழகிய துணியைக் கண்டால் விழிப்பவர்கள் மிரளமாட்டார்கள் என்பது டாக்டரின் நம்பிக்கை.

போன மாதம் அது பலிக்கவில்லை. யாழிசை கட்டியிருந்த மடிப்புக் கலையாத பட்டுச்சேலையைக் கண்டு, சாமியே தன்னைக் கூட்டிப்போக வந்துவிட்டது என்று அலறினாள் செண்பகவல்லி. நெஞ்சு படபடத்ததில் மறுபடி உறங்கவைக்க வேண்டியதாயிற்று. இன்னொரு தடவை அந்த இதயம் தாங்காது.

இந்த முறை யாழிசை ஒரு நைட்டி தைத்து, நாற்பது தடவை துவைத்து, ஒரு வாரம் அதோடேயே சமைத்தாள். தோளில் ஒரு துண்டு. பழைய படங்களில் பெண்கள் வளையலில் ஊக்கு மாட்டியிருந்தார்கள். ஏதோ நகை போலிருக்கிறது என்று அவளும் மாட்டிக்கொண்டாள்.

செண்பகவல்லி கண் திறந்தாள். யாழிசையை உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள். கட்டிலருகே இருந்த கருவியில் இதயத்துடிப்பு ஏறியது. செண்பகவல்லியின் பார்வை வளையலில் வந்து நின்றது.

"ஏ பிள்ள, அந்த ஊக்க இப்படிக் குடு. எனக்குப் போட்டுவிட்ட இந்தச் சட்டையில ஒரு பட்டன்கூட இல்ல, டாக்டர் வார நேரம்."

இதற்குத்தானா என்று யாழிசை கழற்றிக் கொடுத்தாள். கழுத்தருகே குத்திக்கொண்டு செண்பகவல்லி நிம்மதியாகச் சாய்ந்தாள். துடிப்பு எழுபதுக்கு இறங்கியது.

"நாளைக்குத் தந்திருதேன்" என்றாள்.

யாழிசை தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மெதுவாக் குடுங்கக்கா."