செம்பட்டை மெத்தை

எங்கள் ஃபெரெட் கீரியைப் போல நீளமான செல்லப்பிராணி. அது முழு முயலைத்தான் தின்னும். அதற்காகவே புழக்கடையில் வெள்ளை முயல்கள் வளர்க்கிறோம். ஃபெரெட்டைக் கொஞ்சுவது என் கணவன் ராதிம். முயலின் கழுத்தைத் திருகுவது நான்.

குட்டி போடுமுன் தாய் முயல் தன் மார்பு முடியைப் பிடுங்கி மெத்தை அமைக்கும். இன்று காலை, புதிதாய்ப் பிறந்த குட்டிகளுக்கு அடியில் அந்த மெத்தை செம்பட்டையாக இருந்தது.

“க்வெதா, ஒன் மண்டையில இருந்த முடியையெல்லாம் இங்க கொட்டிட்டியாடி?” என்று சிரித்தான் ராதிம்.

“போய்யா, எனக்கு வேற வேலை இல்ல பாரு.”

சொல்லிக்கொண்டே பிடரியைத் தடவினேன். உள்ளங்கையளவுக்கு முடியே இல்லை. வலிக்கவும் இல்லை.

வீட்டுக்குள் ஃபெரெட் பசியில் கதவைப் பிறாண்டியது. நான் முயல் கூண்டைத் திறந்தேன்.

கண் திறக்காத குட்டிகள் எல்லாம் என் பக்கம் தலை தூக்கின. தாய் முயல் எனக்கு இடம் விட்டு ஒதுங்கி உட்கார்ந்தது.