அத்தை கேட்டுட்டாங்க

"அண்ணி வர்றதுக்குள்ள அதை உள்ள கொண்டுபோய் ஒளிச்சு வைடி!"

அம்மா போட்ட சத்தத்தில் லூப்பே ஊசியால் விரலைக் குத்திக்கொண்டாள்.

மறுநாள் கல்யாணம். மடியில் கிடந்தது அவளே தைத்த கல்யாண உடுப்பு. எங்கள் தொங்காத் தீவுகளில் மரப்பட்டையை அடித்து அடித்துத் துணியாக்குவோமே, அந்தத் துணி. பட்டையை அடித்துக் கொடுத்தவர்கள் தெருப் பெண்கள். வெட்டு, தையல், ஓவியம் எல்லாம் லூப்பேதான். அந்தத் துணி மடிப்பில் விட்டுப்போகும் என்று உள்ளே பருத்தி வைத்துத் தைத்திருந்தாள். கழுத்து சரியாக அமையாமல் அழுது, பிரித்து, மறுபடி தைத்தாள். விளிம்பு முழுக்க ஈரப்பலா இலைகளை வரைந்திருந்தாள்.

"அத்தை இதையா கேக்கப் போறாங்க?"

"நம்ம மின்விசிறி எங்க போச்சு? புது மெத்தை எங்க போச்சு? உங்கப்பாவோட அக்கா ஒண்ணைப் பார்த்து 'நல்லா இருக்கே'ன்னு சொன்னா அது அவங்களுது. தரமாட்டேன்னு சொல்ல இந்த ஊர்ல யாருக்கு வாய் இருக்கு?"

உண்மைதான். எங்களிடம் அப்பாவின் அக்கா சொல்வதுதான் சட்டம். பிசிலா அத்தையோ அந்தச் சட்டத்தைத் துளியும் வீணாக்காதவள்.

லூப்பே உடுப்பை உள்ளே வைத்துவிட்டு வருவதற்குள் வாசலில் வேறொருவர் வந்து நின்றார். மாப்பிள்ளையின் அம்மா லவீனியா. கையில் பெரிய பெட்டி.

"ஆக்லாந்துல வாங்கினேன். பிரிச்சுப் பாரும்மா!"

வெள்ளை வெளேரென்று, முத்து வைத்த கவுன். தரையைத் தொட்டுக்கொண்டு வால் வேறு.

"நாளைக்கு நீ இதைத்தான் போட்டுக்கணும். எங்க வீட்டுக்கு வர்ற பொண்ணு மரப்பட்டையைச் சுத்திக்கிட்டு வந்தா நாலு பேரு எங்களை என்ன நினைப்பாங்க?"

நல்ல மனுஷிதான். ஆசையாகத்தான் வாங்கி வந்திருந்தாள். அதுதான் சங்கடமே. மாமியார் ஆசையாகக் கொண்டுவந்ததை வேண்டாமென்று எப்படிச் சொல்வது?

லூப்பே அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள்.

"ரொம்ப... அழகா இருக்கு" என்றாள் லூப்பே. கண் கலங்கியது.

"பாருங்க சம்பந்தி, சந்தோஷத்துல அழறா!" என்று பூரித்துப்போனாள் லவீனியா.

அந்த நேரத்தில்தான் அத்தை வந்தாள். அக்கா இருக்கிற அறையில் தம்பி உட்காருவது எங்கள் வழக்கமில்லை. அப்பா பின்வாசல் வழியாகப் பன்றி வெந்துகொண்டிருந்த அடுப்புக்குழிப் பக்கம் நழுவினார்.

அத்தை பாயின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பாதிப் பாய் நிறைந்தது. லூப்பேயைப் பக்கத்தில் இழுத்து, முகத்தைப் பார்த்தாள். கையைப் புரட்டிப் பார்த்தாள். விரலெல்லாம் பழுப்புச் சாயம்.

"என்னடி இது, கல்யாணப் பொண்ணு கை மாதிரியா இருக்கு?"

லூப்பே கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அம்மாவுக்கு உயிரே இல்லை. எங்கே உள்ளே போய்ப் பார்த்துவிடுவாளோ?

அத்தையின் பார்வை வெள்ளைக் கவுன் மேல் விழுந்தது.

"இது யாரு கொண்டாந்தது?"

"நான்தான்" என்றாள் லவீனியா பெருமையாக. "நாளைக்கு நம்ம பொண்ணு போட்டுக்க."

"நல்லா இருக்கே!"

அறையே மூச்சை அடக்கிக்கொண்டது.

"எனக்கு வேணும்."

லவீனியாவின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் தொங்காக்காரி அல்லவா? பெண்ணின் அத்தை வாய் திறந்து கேட்டதைக் கொடுப்பதுதான் கௌரவம்.

"எடுத்துக்குங்க. நீங்க கேட்டது எங்களுக்குப் பெருமை" என்று இரண்டு கையாலும் நீட்டினாள்.

அம்மாவுக்குத் தாங்கவில்லை. "அண்ணி! உங்களுக்கு அது முழங்கையைத் தாண்டி ஏறாது!"

"ஏறினா என்ன, ஏறாட்டி என்ன? எனக்குப் பிடிச்சிருக்கு."

"அப்போ நாளைக்கு இவ எதைப் போட்டுக்குவா?"

"அது உங்க பாடு" என்று எழுந்தாள் அத்தை.

லவீனியா தயங்கித் தயங்கி லூப்பேயைப் பார்த்தாள். "வேற வழியில்லம்மா. நீ தச்சு வச்சிருக்கியாமே, அதையே போட்டுக்கோ. எங்க பையன் செமிசியும் அதைப் பத்தியேதான் பேசிக்கிட்டு இருந்தான்."

அத்தை வாசலைத் தாண்டியதும் அம்மா வெடித்தாள். "சம்பந்தி முன்னாடி மானத்தையே வாங்கிட்டாங்க! இப்படியும் ஒரு பேராசையா?"

லூப்பே வெளியே ஓடினாள். அத்தை வண்டியின் பின் சீட்டில் கவுனைத் திணித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, இதை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?"

"யாராவது ஆசைப்படுற பொண்ணுக்குக் கொடுப்பேன். நீ போய் உன் உடுப்பைத் தச்சு முடி."

"அது... உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஊருக்கே தெரியும். உங்கம்மாதான் என்கிட்ட மறைக்கிறா."

"உள்ள அம்மா உங்களைத் திட்டிக்கிட்டு இருக்காங்க, அத்தை..."

"திட்டட்டும். நீ 'வேண்டாம்'னு சொல்லியிருந்தா மரியாதை தெரியாத மருமகள்னு காலம் பூரா பேசுவாங்க. நான் 'வேணும்'னு கேட்டா பேராசைக்காரின்னுதானே சொல்வாங்க? அந்தப் பேருதான் எனக்கு ஏற்கெனவே இருக்கே!"